நஷ்டக் கணக்கைப் படிப்பது எப்படி?

அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் பங்குகளில் போடுவோர், கம்பெனி லாபம் காட்டுகிறதா, நஷ்டம் காட்டுகிறதா என்பதோடு விசாரணையை நிறுத்திவிடுகின்றனர். இது போதாதென்பதற்கு அமெரிக்க இன்டர்நெட் கம்பெனிகளின் சரித்திரமே சாக்ஷி.

1997-ல் அமேஸானும் 1998-ல் ஈபேயும் பங்கொன்று 18 டாலர் என்ற ஒரே விலைக்கே பொது ஜனங்களிடம் வந்தன. ஈபே சரக்கு எதுவும் வாங்கி வைக்கவில்லை. ஒருவர் பொருளை மற்றொருவர் ஏலத்தில் எடுக்க இடங்கொடுத்துத் தரகு பெற்றது. ஆகவே ஆரம்பமுதல் லாபம். அமேஸானோ புஸ்தகத்தில் தொடங்கிப் பண்டகசாலைகளைப் பெருக்கி, 2000-ம் வருஷத்தில் மட்டும் 140 கோடி டாலருக்குமேல் நஷ்டமடைந்தது. 1999 டிஸம்பரில் 100 டாலரைத் தாண்டிய அதன் பங்கு 2001-ல் 6 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அன்று ஈபேயே மேலென்றவர்களை மூடரென்று நாம் சொல்லோம்.

ஆயினும் இன்று அமேஸானின் மதிப்பு ஈபேயினதைப்போல் பன்மடங்கு. இதைக் கண்டு, நஷ்டப்படுவதே வளர்ச்சிக்கு வழியென்று உபதேசிப்போர் வெப்வானை மறந்துவிடுகின்றனர். மளிகைச் சாமானை வீடு தேடிக் கொண்டுவந்த அக்கம்பெனியும் பெரும் பண்டகசாலைகளைக் கட்டிற்று. ஆனால் வாடிக்கைக்காரர் சேருமுன்பே கட்டிற்று. 1999 நவம்பரில் பங்கு விற்றது; 2001 ஜூலையில் திவாலாயிற்று. அமேஸானுக்கு வாங்குவோர் பணம் முன்னதாக வரும். சரக்கு கொடுத்தவருக்குச் சேரவேண்டியது பின்னரே போகும். இடையில் கைவசம் நிற்கும் தொகையே மூலதனம்போல் உதவிற்று. நஷ்டத் தொகையைமட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

அதிர்ஷ்டத்தையும் மறைப்பதற்கில்லை. 2000 பிப்ரவரியில் அமேஸான் ஐரோப்பாவில் 69 கோடி யூரோவுக்குக் கடன் பத்திரங்கள் விற்றது. மார்ச்சில் சந்தை சரியத் தொடங்கிற்று. சில மாதங்கள் கழித்துக் கேட்டிருந்தால் அத்தொகை கிடைத்திருக்குமென்று நாம் நம்பவில்லை.