தறிக்குழியிலிருந்து மாநகராட்சி மன்றத்திற்கு

ஓர் ஊரின் ஆட்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் அவ்வூரின் தெருக் குழாயடிக்குச் செல்வது நலம். அங்கே குடங்கள் நிறைந்தால் ஆட்சி செம்மையாக நடக்கின்றது எனலாம்; வரிசை மட்டும் நீண்டு குடங்கள் வறண்டிருந்தால் எங்கோ பழுது நேர்ந்திருக்கின்றது என்று கொள்ளலாம். இந்த எளிய உண்மையைத் தம் வாழ்வின் பணியாக ஏற்று, அதற்காகவே உயிர் துறந்த நெசவாளப் பெண்மணி ஒருவரைப் பற்றி நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் மதுரை வில்லாபுரம் லீலாவதி அம்மையார்.

தமிழகத்தில் பொதுவாழ்வில் பெண்கள் ஈடுபடுவது புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து அரும்பணி ஆற்றினார். தாரா செரியன் அம்மையார் சென்னை மாநகரின் மேயராக விளங்கினார். எனினும் இவர்கள் உயர்கல்வியும் வசதியும் வாய்ந்த குடும்பங்களைச் சார்ந்தவர்கள். அன்றாடக் கூலியை நம்பி வாழும் பெண் ஒருவர் நகராட்சி மன்றத்தில் இடம் பெறுவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய பின்னரே அந்நிலை மாறியது. அவ்வொதுக்கீட்டுடன் தமிழகத்தில் 1996 அக்டோபரில் நடைபெற்ற தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் மன்றங்களுக்குள் அடியெடுத்து வைத்தனர். மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரம் மக்கள் தேர்ந்தனுப்பிய லீலாவதி அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

அம்மையார் கைத்தறி நெசவாளர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் ஜனநாயக மாதர் சங்கத்திலும் உழைத்தவர். கட்சிச் சார்பு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. அதனை நாம் இங்கு ஆராயப் புகவில்லை. நெசவாளர் குடும்பத்துப் பெண் படும் பாட்டை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர் என்பதே நாம் கருதத்தக்கது. தறியில் ஒருவர் அமர வேண்டுமாயின் வீட்டில் மற்றவர்கள் நூல் இழைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும், பாவுக்குக் கஞ்சியிட வேண்டும். இவ்வேலைகளுக்கும் நீர் தேவை. சமையலுக்கும் குழந்தைகளுக்கும் நீர் தேவை. ஒரு குடம் நீருக்காகப் பெண் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் தறியில் நாடா ஓடாத நேரமாகும். நீரை விலை கொடுத்து வாங்குவதோ கூலியிலிருந்து நாள்தோறும் பிடிக்கப்படும் பிடித்தமாகும்.

வில்லாபுரத்து மக்கள் அந்நாளில் அந்நிலையிலேதான் இருந்தனர். மாநகராட்சியின் எல்லைக்குள் வாழ்ந்தும் போதிய குழாய் நீர் பெறாமல், லாரியில் நீர் கொணர்ந்து விற்றவர்களிடம் பணம் கொடுத்து வாங்கி வந்தனர். இதனை மாற்றுவதையே அம்மையார் தம் முதற்கடமையாகக் கொண்டார். இப்பணி எளிதன்று. தனியொரு மன்ற உறுப்பினர் தம் கையால் குழாய் பதித்துவிட இயலாது. மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்ப வேண்டும். அதிகாரிகளைக் கண்டு மதிப்பீடு தயாரிக்கச் செய்ய வேண்டும். பணம் ஒதுக்கப்பெற வேண்டும். வேலை தொடங்கிய பின்னும் அது நின்றுவிடாமல் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் காகிதம் தூங்கக்கூடும். தூங்கும் காகிதத்தைத் தட்டி எழுப்ப, பின்னால் மக்கள் நிற்க வேண்டும். அம்மையார் தம் பகுதி மக்களைத் திரட்டி விடாது முயன்றார். மாநகராட்சியின் குடிநீர் வில்லாபுரத்தை எட்டும் காலம் கனிந்தது.

பொதுக் குழாயில் நீர் வருமாயின் நீர் விற்பவர்களின் வருவாய் குறையும். அம்மையாரின் முயற்சி சிலருடைய பகையைத் தேடித் தந்தது. அச்சுறுத்தலுக்கு அவர் பணியவில்லை. 1997 ஏப்ரல் 23-ஆம் நாள், பட்டப்பகலில், தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் நடமாடும் தெருவிலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவி ஏற்று ஏறத்தாழ ஆறு மாதங்களே கழிந்திருந்தன. குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆயினும் தாயை இழந்த இல்லத்திற்கு எத்தண்டனையும் ஈடாகாது.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கூட்டுறவு எதற்காகத் தோன்றியது? நெசவாளருக்கும் நூலுக்கும் இடையில், குடியானவருக்கும் சந்தைக்கும் இடையில் நின்று ஆதாயம் கொள்ளும் இடைத்தரகரை அகற்றுவதற்காக அன்றோ? லீலாவதி அம்மையார் செய்ததும் அதுவே. குடும்பத்திற்கும் குடிநீருக்கும் இடையில் நின்ற தரகை அவர் அகற்ற முனைந்தார். நம் சங்கங்களில் அப்பணியைப் பலர் கூடிச் செய்கின்றோம். எதிர்ப்பு வருமாயின் அதனைப் பலர் தோள்களும் தாங்குகின்றன. அவருக்கோ அதன் முழுப் பளுவும் ஓர் உயிரின்மீது விழுந்தது. துணிந்த ஒருவரை முன்னே அனுப்பிவிட்டு மற்றவர்கள் வீட்டிற்குள் இருந்துவிடலாகாது என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

தமிழகத்தில் 2016-ஆம் ஆண்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்டது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சட்டம் நாற்காலியை மட்டுமே அளிக்கும். அதில் அமர்ந்தவர் தம் அறிவின்படி பேசுகின்றாரா, அல்லது கணவரோ சகோதரரோ எழுதிக் கொடுத்ததில் கையொப்பம் மட்டும் இடுகின்றாரா என்பதைக் கவனிப்பது நம் கடமை. ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்: உங்கள் வட்டத்துப் பெண் உறுப்பினரை நேரில் கண்டு பேசுங்கள். கிராமசபைக்கு உங்கள் இல்லத்துப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கணக்குக் கேட்டால், அவரை உட்காரச் சொல்லாமல் விடை சொல்லுங்கள். பொதுநலத்திற்காக ஒருவர் பகை தேடிக்கொள்ள நேரிட்டால், அன்று மாலையே பத்துப் பேராக அவர் வாயிலில் போய் நில்லுங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையை முடிந்த பின்னரே மேலே நெய்வார். அறுந்ததை அப்படியே விட்டு நெய்த துணி சந்தையில் நிற்பதில்லை. வில்லாபுரத்தில் அறுந்த இழையை முடிந்து மேலே நெய்ய வேண்டியவர்கள் நாமே.