கருப்பை நீக்க அறுவைக்குப் பின் வலியும் தேறுதலும்: பிற பெரிய அறுவைகளுடன் ஓர் ஒப்பீடு

கருப்பை நீக்க அறுவை என்பது கருப்பையை, பெரும்பாலும் கருப்பை வாயுடன் சேர்த்து, அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை. பேச்சு வழக்கில் இது கர்ப்பப்பை ஆபரேஷன் எனப்படுகிறது. நார்க்கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு, அடினோமயோசிஸ், கருப்பை இறக்கம், புற்றுநோய் ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்குச் சுமார் 3 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்கள்.

ஒப்பிடும் வழக்கம்

ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூர் போன்ற புறநகர் ஊர்களிலிருந்து பெண்கள் இந்த அறுவைக்காக ஆவடி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் மருத்துவமனைகளுக்கும் தனியார் நர்சிங் ஹோம்களுக்கும் செல்கிறார்கள். வீடு திரும்பியதும் அவர்கள் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஓர் ஒப்பீடாகவே இருக்கும். ‘ரெண்டு சிசேரியனைத் தாங்கினவளுக்கு இது ஒரு வலியா?’ என்பார் ஒருவர். ‘மாமாவுக்கு நெஞ்சையே பிளந்து பைபாஸ் பண்ணாங்க, பத்தாம் நாள் நடந்தார்’ என்பார் இன்னொருவர். இப்பேச்சு ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டாலும் அதன் விளைவு வேறு. வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் தவிர்க்கும் பெண்ணும், மூன்றாம் வாரத்திலேயே குடம் தூக்கும் பெண்ணும் இப்படித்தான் உருவாகிறார்கள். ஆகவே இந்த ஒப்பீட்டில் எது உண்மை என்று பார்ப்பது அவசியமாகிறது.

எந்த வழியில் எடுக்கப்பட்டது?

கருப்பை நீக்கத்தை ஒரே அறுவையாகக் கருதி வேறொன்றுடன் ஒப்பிடுவது முதல் பிழை. அடிவயிற்றைக் கீறி எடுப்பது ஒரு வழி. பிறப்புறுப்பின் வழியாக எடுப்பது மற்றொன்று. சிறு துளைகள் இட்டுக் கருவியால் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூன்றாவது. பிறப்புறுப்பு வழி அறுவையை ஜெர்மானிய மருத்துவர் கொன்ராட் லாங்கன்பெக் 1813லேயே செய்திருக்கிறார். லேப்ராஸ்கோப்பி வழி அமெரிக்க மருத்துவர் ஹாரி ரைக் 1988இல் தொடங்கியது.

உள்ளே அகற்றப்படும் உறுப்பு ஒன்றே என்றாலும் வலி ஒன்றல்ல. வயிற்றுச் சுவரின் தோல், தசையுறை ஆகியவற்றில் உள்ள நரம்புகள் வலியைக் கூர்மையாகவும் இடம் சுட்டியும் சொல்லும். கருப்பை, குடல் போன்ற உள்ளுறுப்புகளின் வலியோ மந்தமானது, பரவலானது. பிடித்திழுப்பது போலவும் குமட்டலோடும் வரும். வயிற்றைக் கீறிச் செய்யும்போது இரண்டும் சேர்கின்றன. பிறப்புறுப்பு வழியில் வயிற்றுச் சுவர் வெட்டப்படுவதில்லை என்பதால் முதல் வகை வலி இல்லை.

2015இல் வெளியான காக்ரன் ஆய்வுத் தொகுப்பு, 47 ஆய்வுகளில் பங்கேற்ற 5,102 பெண்களின் விவரங்களைத் திரட்டியது. வயிற்றுவழி அறுவை செய்தவர்களைவிடப் பிறப்புறுப்பு வழியில் செய்தவர்கள் ஏறத்தாழ பத்து நாளும், லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரமும் முன்னதாக அன்றாட வேலைக்குத் திரும்பினர். ஆனால் லேப்ராஸ்கோப்பியில் சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் ஆகியவற்றுக்குக் காயம் நேரும் வாய்ப்பு வயிற்றுவழியைவிடக் கூடுதல் என்பதும் அதே தொகுப்பில் உள்ளது. ‘துளை போட்டுச் செய்தது, ஒன்றுமில்லை’ என்று சொல்வது சரியல்ல.

லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் பலரைத் திகைக்கவைப்பது தோள்பட்டை வலி. வயிற்றை விரிக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது; உதரவிதானமும் தோளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதி நரம்புகளைப் பகிர்வதால் மூளை அதைத் தோள் வலியாக உணர்கிறது. இது ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

முதல் நாள் வலி

ஜெர்மனியின் 105 மருத்துவமனைகளில் 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அறுவைக்கு மறுநாள் 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண் கேட்டு, 179 வகை அறுவைகளை ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. அதன் முடிவு பலரும் எதிர்பாராதது. வலி மிகுந்த 40 அறுவைகளில் 22 கைகால் எலும்பு, மூட்டு சார்ந்தவை. ‘சின்ன ஆபரேஷன்’ என்று எல்லோரும் சொல்லும் குடல்வால் நீக்கம், பித்தப்பை நீக்கம், மூலம், டான்சில் ஆகியவை வலி மிகுந்த முதல் 25 இடங்களுக்குள் வந்தன. வயிற்றில் நீண்ட வெட்டுடன் செய்யும் சில பெரிய அறுவைகளில் வலி குறைவாக இருந்தது.

காரணம் எளிது. பெரிய அறுவை என்றால் முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவதுண்டு. மருத்துவர் வலியை எதிர்பார்த்துத் தயாராக இருக்கிறார். சிறிய அறுவைக்கு ஒரு பாராசிட்டமாலோடு விட்டுவிடுகிறார்கள். ஆக, வலியைத் தீர்மானிப்பது வெட்டின் நீளம் மட்டுமல்ல. அதற்குக் கொடுக்கப்படும் மருந்தும்தான். பாராசிட்டமாலையும், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இல்லாதவர்களுக்கு டைக்ளோஃபெனாக் வகை மருந்தையும் முதல் சில நாட்கள் நேரம் தவறாமல் கொடுப்பதே பலன் தரும். வலி உச்சிக்கு ஏறியபின் மாத்திரை தேடினால் அது பிடிபடத் தாமதமாகும்.

பிற அறுவைகளுடன்

சிசேரியனும் வயிற்றுவழிக் கருப்பை நீக்கமும் வெட்டில் ஒத்தவை. இரண்டிலும் பெரும்பாலும் மயிர்க்கோட்டுக்குச் சற்று மேலே குறுக்காகத்தான் கீறுகிறார்கள். வேறுபாடு உள்ளே இருக்கிறது. சிசேரியனில் கருப்பையைத் திறந்து மூடுகிறார்கள். கருப்பை நீக்கத்தில் இணைப்பு நார்களையும் இரத்தக் குழாய்களையும் துண்டித்து, பிறப்புறுப்பின் மேல் முனையைத் தைத்து மூடவேண்டும். வெளியே தெரியாத அந்தத் தையல்தான் ஆற நாளாகிறது. வயதும் ஒரு காரணம்: 26 வயதில் சிசேரியனிலிருந்து எழுந்த உடலும், பல மாத உதிரப்போக்கால் இரத்தசோகை கண்ட 45 வயது உடலும் ஒன்றல்ல.

நெஞ்சைத் திறந்து செய்யும் இதய அறுவையில் மார்பெலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனாலும் மூச்சுப் பயிற்சி, நடை, எடை தூக்கத் தடை என்று எல்லாமே வகுக்கப்பட்டிருக்கும், வீடே அவரைச் சுற்றி இயங்கும். விலா எலும்புகளுக்கிடையே வெட்டும் நுரையீரல் அறுவை இன்னும் கடினமானது. ஒவ்வொரு மூச்சும் காயத்தை அசைக்கிறது. முழங்கால் மூட்டு மாற்றில் வலியோடேயே மடக்கி நீட்டவேண்டும், இல்லையேல் மூட்டு இறுகிவிடும். கருப்பை நீக்கம் இவற்றைவிட முதல் வார வலியில் பொதுவாகக் குறைவு. ஆனால் வெளியே காட்டக் கட்டோ ஊன்றுகோலோ இல்லாத அறுவை இது. அதனாலேயே தேறுதலுக்கான நாட்களும் வீட்டில் எளிதில் பறிபோகின்றன.

நீடிக்கும் வலி

அறுவைக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் தொடரும் வலி தனியாகக் கணிக்கப்படுகிறது. கால் துண்டிப்புக்குப் பின் 30–50 சதவீதத்தினருக்கும், குடலிறக்க அறுவைக்குப் பின் சுமார் 10 சதவீதத்தினருக்கும் இது நேர்வதாக 2006இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுரை கூறுகிறது. அதே ஆண்டு டென்மார்க் ஆய்வொன்றில், கருப்பை நீக்கி ஓராண்டு கழித்து 31.9 சதவீதப் பெண்கள் வலி இருப்பதாகக் கூறினர். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் பயம்தான் மிஞ்சும். அவர்களில் பெரும்பாலோருக்கு அறுவைக்கு முன்பே இடுப்பு வலி இருந்தது. புதிதாக வலி தோன்றியது ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே. முன்பு சிசேரியன் செய்தவர்களுக்கும், உடலின் பிற பகுதிகளில் வலி உள்ளவர்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். வலியைப் போக்குவதற்காகவே கருப்பையை எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் என்பது, அந்த ஒரே காரணத்துக்காக அறுவையை முடிவு செய்பவர்கள் யோசிக்கவேண்டிய செய்தி.

தேவையற்ற கருப்பை நீக்கங்கள் பற்றிய புகார்கள் இந்தியாவில் நீதிமன்றம்வரை சென்றன. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநில நிகழ்வுகள் குறித்த பொதுநல வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

வீட்டில் ஆறு வாரம்

தைத்த திசு முதல் மூன்று வாரங்களில் பழைய வலிமையின் ஐந்தில் ஒரு பங்கையே பெறுகிறது; ஆறு வாரத்தில் பாதியை எட்டும். எடை தூக்கக் கூடாது என்பதன் பொருள் இதுதான். நிறைந்த ஒரு குடம் 15 கிலோவுக்குக் குறையாது. லாரித் தண்ணீர் பிடிப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, ஈரத் துணி வாளியோடு மாடிப்படி ஏறுவது எல்லாம் இதில் அடங்கும். நடை இதில் சேராது. மறுநாளிலிருந்தே நடப்பது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. குடல் இயக்கத்தையும் மீட்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளலாம்.

தண்ணீர் அதிகம் குடித்தால் புண் ஆறாது, பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்ற பத்திய நம்பிக்கைகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் உள்தையல் இழுபடும். புண் ஆறப் புரதம் தேவை என்பதால் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை நிறுத்துவது நேர் எதிரான வேலை. தாம்பத்திய உறவுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கவேண்டும். இதை மருத்துவர் கணவருக்கும் சேர்த்தே சொல்வது நல்லது.

கருப்பையுடன் சினைப்பைகளையும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும் நிலை ஒரே நாளில் வந்துவிடும்: உடல் தகிப்பு, தூக்கமின்மை, எரிச்சல். இவற்றை அறுவை வலியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தனியாக மருத்துவம் உண்டு. எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் சினைப்பைகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளவேண்டும்.

சில வாரங்களுக்கு லேசான கசிவு இயல்பு. ஆனால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, துணி நனையும் உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், அறியாமல் ஒழுகும் சிறுநீர், நாளுக்கு நாள் குறையாமல் ஏறும் வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மறு பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நள்ளிரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.