ஓய்வுபெற்ற வாழ்க்கைத்துணையின் ஓய்வூதியமும் குடும்பத் தொழிலில் அவரது உழைப்பும்

முன்னுரை

பணி ஓய்வுக்குப் பின் வாழ்க்கைத்துணை நடத்தும் தொழிலில் துணைநிற்பது இந்தியக் குடும்பங்களில் இயல்பாகக் காணப்படுவதாகும். வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், கணவரின் மளிகைக் கடையில் கணக்கெழுதிக் கொள்முதலையும் கவனிப்பதாகக் கொள்வோம். அவரது ஓய்வூதியத்தையும் உழைப்பையும் சட்டமும் புள்ளியியலும் எவ்வாறு நோக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓய்வூதியம்

ஓய்வூதியம் கருணைக்கொடையன்று, ஆற்றிய பணிக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982இல் நகரா வழக்கில் தெளிவுபடுத்தியது. எனவே கடையில் உழைப்பதால் ஆசிரியையின் ஓய்வூதியம் குறைவதில்லை. அத்தொகை அவருடைய வருமானமாகவே கொள்ளப்படும்.

கடை ஊதியம்

கணவர் அவருக்கு ஊதியம் வழங்கினால் நிலை மாறுகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, ஒருவர் கணிசமான உரிமை கொண்டுள்ள தொழிலிலிருந்து அவருடைய வாழ்க்கைத்துணை பெறும் ஊதியம் அவருடைய வருமானத்துடனேயே சேர்க்கப்படும். 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கொள்கையைத் தொடர்கிறது. தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதியால் மட்டுமே ஈட்டிய ஊதியத்துக்கு விலக்கு உண்டு. ஆசிரியை கணக்கெழுதுவதை இவ்விலக்கின்கீழ்க் கோர இடமுண்டு; சரக்கு நிறுப்பதற்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஊதியமற்ற உழைப்பு

பெரும்பாலும் ஊதியம் என்ற பேச்சே எழுவதில்லை. வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பு ஊதியத்தின் அடிப்படையில் அமைவதால், ஊதியமற்ற உழைப்பு புதிய ஓய்வுக்காலப் பயன் எதையும் ஈட்டுவதில்லை. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஊதியமற்ற குடும்ப உதவியாளருக்கு 21 என்ற குறியீடும், ஓய்வூதியர் உள்ளிட்டோருக்கு 94 என்ற குறியீடும் உள்ளன. முன்னவர் உழைப்போர், பின்னவர் உழைப்போர் அணிக்குப் புறத்தே நிற்போர். 'ஓய்வூதியம் பெறுகிறார்' என்ற விடையோடு கணக்கெடுப்பாளர் நிறைவடைந்தால், கடையில் கழியும் பொழுது பதிவாகாமலே போகக்கூடும்.

முடிவுரை

சட்டம் ஆசிரியையின் கடந்தகால உழைப்பை அவருடையதாக ஏற்கிறது. நிகழ்கால உழைப்பையோ பெரும்பாலும் கணவரின் கணக்கில் வைக்கிறது. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அதன்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகள் இலாபத்தைச் சமமாகப் பகிர்வர். எழுத்து வடிவிலான கூட்டாண்மை ஒப்பந்தம் 'உதவி' எனப்படுவதை உரிமையாக மாற்றும். ஓய்வூதியத்தைக் கடை முதலீடாக்கும் குடும்பங்களில் அவ்வொப்பந்தம் இன்னும் இன்றியமையாததாகும்.