வெட்டாம இருந்தா காசு!

வருஷத்துக்கு 1,500 யூரோ. 'என்ன வேலை?'ன்னு கேட்கறீங்களா? ஒண்ணும் செய்யக்கூடாது. அதுதான் வேலை! 'எந்த ஊருன்னு சொல்லுங்க, நாளைக்கே கிளம்பறேன்'னு பையைத் தூக்குற பார்ட்டிகள் கொஞ்சம் பொறுங்க. இந்தக் காசே வேண்டாம்னு போலீஸை எதிர்த்து நின்னவங்களும் இருக்காங்க. இடம்: அயர்லாந்து.

மேட்டர் இதுதான். அயர்லாந்தின் நடுப்பகுதியில் நிறைய சதுப்பு நிலங்கள். எப்பவும் தண்ணீர் ஊறியே கிடப்பதால், அங்கே செத்துப்போகும் பாசியும் செடியும் முழுசாக மட்குவதில்லை. சுமார் 10 ஆயிரம் வருஷமாக அடுக்கு மேல் அடுக்காகச் சேர்ந்து, கறுப்பு கேக் மாதிரி கிடக்கிறது. பெயர் பீட். நிலக்கரியாக மாறுவதற்கு முந்தைய பருவம்னு வெச்சுக்குங்க. இதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்தால் சூப்பரா எரியும். காடுகளை எப்பவோ வெட்டித் தீர்த்துவிட்ட அந்த நாட்டில், தலைமுறை தலைமுறையாகக் குளிருக்கு இதுதான் துணை. நிலம் ஒருத்தருடையதா இருக்கும். அதில் பீட் வெட்டும் உரிமை இன்னொரு குடும்பத்துக்கு இருக்கும். தாத்தா வழி வந்த உரிமை அது!

தடை ஏன்?

உலக நிலப்பரப்பில் பீட் நிலம் வெறும் 3 சதவிகிதம்தான். ஆனால், உலகத்துக் காடுகள் மொத்தமும் வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது. பீட் வெட்டணும்னா முதலில் தண்ணீரை வடிக்கணும். வடித்தால் கார்பன் காற்றில் கலக்கும். 'என் மூலையில மட்டும்தானே வெட்டறேன்'னும் சொல்ல முடியாது. ஓரத்தில் வெட்டினாலும் உள்ளே வரைக்கும் ஈரம் இறங்கிவிடும்.

1992ல் ஐரோப்பிய யூனியன் இயற்கை வாழிடங்களைக் காக்கச் சட்டம் போட்டது. அதன்படி அயர்லாந்தில் 53 மேட்டுச் சதுப்புகள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. 1999ல் தடை வந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு வெட்டுபவர்களுக்கு 10 வருஷம் சலுகை கிடைத்தது. சலுகை முடிந்ததும் 2011ல் வந்ததுதான் நஷ்டஈட்டுத் திட்டம்.

பேக்கேஜ் என்ன?

முதலில் வருஷத்துக்கு 1,000 யூரோ என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே, 2012ல் 1,500 ஆக்கினார்கள். விலைவாசிக்கு ஏற்ப ஏறும். மொத்தம் 15 வருஷம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தனியாக 500 யூரோ. பணம் வேண்டாமா? பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத வேறு சதுப்பில் வெட்டிக்கொள்ள இடம். அது அமையும்வரை வருஷத்துக்கு 15 டன் பீட் வீடு தேடி வரும்!

நிறையப் பேர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் முறைத்துக்கொண்டார்கள். கால்வே பகுதியில் உள்ள க்ளான்மாய்லன் சதுப்பில், 2012 ஜூனில் போலீஸும் பீட் வெட்டுபவர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். எதிர்ப்பாளர்களின் முக்கியக் குரல் லூக் 'மிங்' ஃப்ளானகன். இவர் 2011ல் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கும், 2014ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்துப் போனார்னா பார்த்துக்குங்க!

அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு நிறுவனமான 'போர்ட் ந மோனா' பல்லாண்டுகளாக வேறு சதுப்புகளில் ராட்சத மெஷின்களை இறக்கி, மின்நிலையங்களுக்காகப் பீட்டைச் சுரண்டியது. அது 'இனி பீட் எடுக்க மாட்டோம்' என்று அறிவித்தது 2021ல்தான். 'அவங்க அள்ளினப்போ சும்மா இருந்துட்டு, எங்க வீட்டு அடுப்பை மட்டும் அணைக்கறீங்களே?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கே. பாதுகாக்கப்பட்ட சதுப்புகளில் வெட்டு இன்னும் நிற்கவில்லை என்று 2024ல் ஐரோப்பிய கமிஷன் அயர்லாந்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே இழுத்தது.

ஊர் உலகத்துக்கே நல்லது நடக்கணும்னா, அதற்கான விலையை ஒரு சில குடும்பங்கள் மட்டும் ஏன் கொடுக்கணும்? நஷ்டஈடு என்பதே இந்தக் கேள்விக்கான பதில்தான். 15 வருஷத்துக்கு, விலைவாசி உயர்வைச் சேர்க்காமல், 22,500 யூரோ. விறகுக்கு இது சரியான விலையாக இருக்கலாம். தாத்தா கொடுத்த உரிமைக்கு?

பதில் சொல்லும் முன் இன்னொரு கணக்கு. பீட் வளர்வது வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அரசு பணம் கொடுக்கும் அந்த 15 வருஷத்தில், நல்லா இருக்கும் சதுப்பு வளர்வது வெறும் ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு மண்வெட்டி, ஒரே வெட்டில் அதைவிட ஆழம் போகும்!