அட்டை யானை ஏன் படுத்தது?

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் அட்டை யானை செய்திருந்தாள். துணிக்கடையில் புடவை வைத்துக் கொடுக்கும் பெட்டியின் அட்டை அது. அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பு யானையின் முதுகாக அமையும்படி படம் வரைந்து, ஓரமாக வெட்டியிருந்தாள். பிரித்து வைத்ததும் நான்கு கால்களில் கம்பீரமாக நின்றது. முதல் நாள் மாலை பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அன்று இரவு நல்ல மழை. மறுநாள் காலை 9 மணிக்குத் திறப்பு விழா. 8 மணிக்கு வந்து பார்த்தால், யானை முன்னங்கால்களை மடக்கிப் படுத்துக் கிடக்கிறது! அவள் உடனே பசையை எடுத்தாள். கால்களுக்குப் பின்னால் இன்னோர் அட்டைத் துண்டை ஒட்டினாள். ஈரப்பசை பட்டதும் கால்கள் முன்னைவிட மோசமாகத் துவண்டன. கையில் இருந்தது ஒரு மணி நேரம்தான்.

யானை எழுந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஓர் அட்டை தானாக நிற்பது எப்படி என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அஞ்சலட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நிற்பது என்றால் என்ன?

அஞ்சலட்டையின் நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ. அதன் நீள ஓரம் மேஜையில் படும்படி நிறுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் விழுந்துவிடும். ஏன்?

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் சேர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு பொருளின் அடித்தளத்துக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் பொருள் சாய்ந்துவிடும். அட்டையின் அடித்தளம் எவ்வளவு? அதன் தடிமன் அளவுதான். அரை மில்லிமீட்டர்கூட இராது. மின்விசிறிக் காற்றே போதும், கோடு வெளியே போய்விடும்.

இப்போது அதே அட்டையைக் குறுக்கே சரிபாதியாக மடியுங்கள். 7 செ.மீ. நீளமுள்ள இரண்டு சிறகுகள் கிடைக்கும். பாதி திறந்த புத்தகத்தைப்போல மேஜைமீது நிறுத்துங்கள். நிற்கிறது! எடை கூடவில்லை, தடிமனும் கூடவில்லை. ஆனால் அடித்தளம் மாறிவிட்டது. முக்காலிக்கு மூன்று கால்கள்தான் தரையில் படுகின்றன என்றாலும், அவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணம் முழுவதும் அதற்கு அடித்தளம் அல்லவா? அதுபோலவே, இரு சிறகுகளுக்கு இடையே உள்ள முக்கோணப் பரப்பு முழுவதும் அட்டைக்கு அடித்தளம் ஆகிவிடுகிறது.

எவ்வளவு விரித்து வைத்தால் மிக உறுதியாக நிற்கும்? சிறகுகளை 30 பாகைக் கோணத்தில் வைத்தால், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் கோடு சிறகின் ஓரத்திலிருந்து சுமார் 0.9 செ.மீ. உள்ளே விழுகிறது. 90 பாகையில் வைத்தால் 1.75 செ.மீ. உள்ளே விழுகிறது. 150 பாகைக்கு விரித்தால் மறுபடியும் 0.9 செ.மீ.தான். அதாவது செங்கோணத்தில் வைக்கும்போது அட்டை இரு மடங்கு பத்திரமாக இருக்கிறது. வாயால் ஊதிப் பாருங்கள். மூன்று கோணங்களுக்கும் வேறுபாடு உடனே தெரியும்.

ஒரு செய்தித்தாளின் கதை

ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளி ஒன்று நடந்தது. அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர் ஜோசப் ஆல்பர்ஸ். ஒரு நாள் அவர் ஒரு கட்டுச் செய்தித்தாள்களுடன் வகுப்புக்கு வந்தார். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இதைக் கொண்டு ஏதேனும் செய்யுங்கள், காகிதத்தின் இயல்பை மதித்துச் செய்யுங்கள் என்று கூறிவிட்டுப் போய்விட்டார். இதை அவருடைய மாணவர் ஹானஸ் பெக்மன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது மேஜைகளின்மேல் முகமூடிகள், படகுகள், கோட்டைகள், விலங்குகள் எல்லாம் இருந்தன. ஆல்பர்ஸ் அவற்றை மெச்சவில்லை. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். அவர் பாராட்டியது ஹங்கேரி நாட்டு மாணவர் ஒருவரின் வேலையை. அவர் செய்தது மிக எளிது. செய்தித்தாளை நெடுக்கே மடித்து, இரண்டு சிறகுகள்போல நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்! துவளும் காகிதம் ஒரே மடிப்பால் விறைப்புப் பெற்றுத் தன் மெல்லிய ஓரத்தின்மேலேயே நின்றது. படுத்துக் கிடந்தபோது ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நின்றபோது இரு பக்கமும் தெரிந்தன.

விலங்கு செய்யக் கூடாது என்பதல்ல இதன் பொருள். எந்த உருவமானாலும் சரி, அதைத் தாங்கப்போவது மடிப்புதான். முதலில் மடிப்பை யோசியுங்கள்; கண்ணும் காதும் பிறகு வரையலாம்.

மடிப்பு தரும் விறைப்பு

5 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் கொண்ட ஓர் அட்டைப் பட்டையை வெட்டுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல வையுங்கள். நடுவில் ஒவ்வொரு ரூபாய் நாணயமாக வைத்து வாருங்கள். விரைவில் பாலம் தொய்ந்து சரிந்துவிடும். இனி, பட்டையின் இரு நீள ஓரங்களையும் 1 செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி மடித்துவிட்டு மறுபடியும் வையுங்கள். எத்தனை நாணயம் தாங்குகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தட்டையான அட்டையின் தடிமனை இரு மடங்காக்கினால் வளைவை எதிர்க்கும் திறன் 8 மடங்காகும். 2 × 2 × 2 = 8 என்பது இதன் கணக்கு. அட்டையின்மேல் அட்டையை ஒட்டுவதால் கிடைக்கும் பலன் இது. ஓரங்களை மடித்தால்? மடித்த ஓரம் பட்டைக்கு 1 செ.மீ. உயரத்தைத் தந்துவிடுகிறது. 0.3 மி.மீ. தடிமனுள்ள அட்டைக்குக் கணக்குப் போட்டால், அந்தத் திறன் ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது! நடைமுறையில் ஓரங்கள் பக்கவாட்டில் நெளிந்துவிடுவதால் முழுப் பலனும் கிடைப்பதில்லை. ஆயினும் பசையைவிட மடிப்பே வலிது என்பதில் ஐயமில்லை. மாணவி காலில் ஒட்டிய அட்டைத் துண்டு ஏன் பயன்படவில்லை என்பது இப்போது ஓரளவு விளங்கும்.

அட்டைக்கும் இழை உண்டு

மழைக்கும் யானைக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை காகித ஆலையில் இருக்கிறது.

காகிதத்தை நீளமான சுருளாகத் தயாரிக்கும் இயந்திரத்துக்கு பிரான்ஸ் நாட்டு லூயி நிக்கோலா ராபெர் 1799இல் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. தண்ணீரில் கரைத்த மரக்கூழை ஓடிக்கொண்டிருக்கும் வலைமீது ஊற்றுகிறார்கள். தண்ணீர் வடிகிறது, நார்கள் தங்குகின்றன. ஆற்றில் மிதந்து வரும் வைக்கோல் நீரோட்டத்தின் திசையில் திரும்பிக்கொள்வதுபோல, நார்களில் பெரும்பாலானவை வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. எனவே அட்டைக்கு மரத்தைப்போல ஓர் இழையோட்டம் ஏற்படுகிறது. பெட்டி அட்டைகள் பலவற்றில், இழையோட்டத் திசையில் உள்ள விறைப்பு குறுக்குத் திசையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும்.

இழையோட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே அட்டையிலிருந்து 2 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளை, ஒன்றை நெடுக்கிலும் மற்றொன்றைக் குறுக்கிலும், ஒரே நீளத்தில் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நுனியில் பிடியுங்கள். அதிகம் தொங்குவது எதுவோ, அதில் இழைகள் குறுக்கே ஓடுகின்றன.

நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அப்போது அவை நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, அகலத்தில் பருக்கின்றன. நார்களுக்கு இடையே உள்ள பிணைப்பும் தளர்கிறது. ஈரமான நாளில் அட்டை துவள்வது இதனால்தான். இழைகள் மேலும் கீழுமாக ஓடும் கால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். படுக்கையாக ஓடும் கால் முதலில் மடங்கும்.

மடிப்பதற்கும் ஒரு முறை

கையாலேயே அழுத்தி மடித்தால் மடிப்பு கோணலாகப் போகும். இழைக்குக் குறுக்கே மடிக்கும்போது மேற்புறம் வெடித்தும்விடும். எனவே முதலில் மடிப்புக் கோட்டைப் பதிய வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோலை ஒட்டி இரண்டு முறை அழுத்தி இழுங்கள். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மெல்லிய மேடும் தோன்றும். பள்ளம் வெளிப்புறமாகவும் மேடு உட்புறமாகவும் இருக்கும்படி மடியுங்கள். அட்டை பெட்டித் தொழிற்சாலையிலும் இதே முறைதான்.

அந்தத் தொழில் வளர்ந்த கதையும் சுவையானது. 1879இல் அமெரிக்காவில் ராபர்ட் கெய்ர் என்பவரின் அச்சகத்தில் விதைப் பைகள் தயாராகிக்கொண்டிருந்தன. மடிப்புக் கோடு பதிக்க வேண்டிய உலோகத் தகடு ஒன்று இடம் பெயர்ந்து சற்று மேலே எழும்பி, பைகளை வெட்டிவிட்டது. பைகள் வீணாயின. ஆனால் கெய்ருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஒரு தகடு உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் இருந்தால், ஒரே அழுத்தில் வெட்டவும் மடிப்புக் கோடு பதிக்கவும் முடியுமே! மலிவான மடிப்புப் பெட்டிகள் பெருகியது இதன் பிறகுதான். நம் யானைக்கு அட்டை கொடுத்த புடவைப் பெட்டியும் இந்த வழியில் வந்ததே.

மூன்று வகைக் கால்கள்

பொம்மையானாலும் கடைகளில் வைக்கும் விளம்பர உருவமானாலும், தானாக நிற்கும் அட்டைகளில் பெரும்பாலானவை மூன்று வகைகளுக்குள் அடங்கும்.

முதல் வகை கூடாரம். மடிப்பு மேலே இருக்கும். இரு பக்கங்களும் கால்களாக இறங்கும். நான்கு கால் விலங்குகளுக்கு ஏற்றது. ஆனால் வழவழப்பான மேஜையில் கால்கள் சிறிது சிறிதாக விலகிப் படுத்துவிடும். வெள்ளையடிப்பவர்களின் மடக்கு ஏணியைப் பார்த்திருப்பீர்கள். இரு கால்களும் விலகாதபடி நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதுபோல வயிற்றுக்குள் ஓர் அட்டைப் பட்டையைக் குறுக்கே ஒட்டிவிடுங்கள். மூன்று பக்கமும் மூடிய முக்கோணம் எளிதில் வடிவம் மாறாது.

இரண்டாம் வகை முட்டுக்கால். தட்டையான உருவத்தின் முதுகில் ஒரு முட்டு ஒட்டி, அதைப் பின்புறமாக விரித்து வைப்பது. புகைப்படச் சட்டங்களில் இதைக் காணலாம். உருவம் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிறுத்தினால் முன்பக்கம் விழுந்துவிடும். அங்கே தடுக்க முட்டு இல்லை அல்லவா?

மூன்றாம் வகை குறுக்குப் பூட்டு. இரண்டு அட்டைகளில் ஒன்றுக்கு மேலிருந்து பாதி உயரமும், மற்றதற்குக் கீழிருந்து பாதி உயரமும் பிளவு வெட்டி ஒன்றில் ஒன்றைச் செருகுவது. பசையே வேண்டாம். மரம், கோபுரம் ஆகியவற்றுக்குப் பொருத்தம். பிளவின் அகலம் அட்டையின் தடிமன் அளவே இருக்க வேண்டும். அகலமானால் ஆடும், குறுகினால் அட்டை வளையும்.

யானை எழுந்தது

இனி அந்தக் காலை நேரத்துக்கு வருவோம். விழுந்த யானையை நாங்கள் சோதித்துப் பார்த்தோம். மடித்த நிலையில் அதன் காதருகே ஒரு குண்டூசியைக் குத்தித் தொங்கவிட்டு, ஊசியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டோம். நூல் சென்ற வழியே கோடு வரைந்தோம். வாலருகே தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடமே ஈர்ப்பு மையம். அது முன்னங்கால்களுக்கு நேர் மேலே இருந்தது! பெரிய தலையும் நீட்டிய துதிக்கையும் எடையை முன்னே இழுத்திருந்தன. பட்டைகள் வெட்டிப் பார்த்ததில் இழைகள் கால்களுக்குக் குறுக்கே ஓடின. ஆக, அதிகச் சுமை, தவறான இழை, மழைக்கால ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்து யானையைப் படுக்க வைத்துவிட்டன.

மாணவி பழைய யானையைப் பார்த்து வருந்தவில்லை. அதையே அச்சாக வைத்து, இன்னொரு பெட்டி அட்டையில் திசையைத் திருப்பி வரைந்தாள். இப்போது இழைகள் கால்களின் நெடுக்கே ஓடின. முதுகு மடிப்பு இழைக்குக் குறுக்கே வந்ததால் பேனாவால் நன்றாகக் கோடு பதித்தாள். ஒவ்வொரு காலின் ஓரத்திலும் 1 செ.மீ. அதிகம் விட்டு, அதைச் செங்கோணமாக உள்ளே மடித்தாள். துதிக்கையை நீட்டாமல் பின்புறமாகச் சுருட்டினாள். வயிற்றுக்குள் குறுக்குப் பட்டையை மிகக் குறைந்த பசையில் ஒட்டினாள்.

9 மணிக்கு யானை நின்றது. கண்காட்சி நடந்த மூன்று நாளும், நடுவே இரண்டு மழைக்குப் பிறகும், நின்றது. விழுந்த யானையையும் அவள் தூக்கி எறியவில்லை. நின்ற யானைக்கு அருகில் அதைப் படுக்க வைத்து, ‘இது ஏன் விழுந்தது?’ என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாள். அந்த மேஜையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டிகளும் கல்யாணப் பத்திரிகைகளும் இருக்கும். ஒரு குதிரையோ ஒட்டகச்சிவிங்கியோ செய்து பாருங்கள். ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்து ஈர்ப்பு மையத்தை எங்கே கொண்டுபோகும் என்று வெட்டுவதற்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள். பிறகு நூலைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.