சு. சத்தியமூர்த்தி (சென்னை மேயர்)

சு. சத்தியமூர்த்தி (ஆகஸ்ட் 19, 1887 – மார்ச் 28, 1943) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் சிறந்த பேச்சாளரும் ஆவார். 1939–40ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பணியாற்றினார். சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கம் அமையக் காரணமாக இருந்தவர் இவர். காமராசரின் அரசியல் வழிகாட்டியாகவும் அறியப்படுகிறார்.

இளமையும் அரசியலும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1919இல் காங்கிரசு சார்பில் இங்கிலாந்து சென்ற குழுவில் இடம்பெற்றார். 1923இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். சட்டமன்றங்களுக்கு உள்ளே சென்று ஆங்கில அரசை எதிர்க்க வேண்டும் என்ற சுயராச்சியக் கட்சியின் கொள்கையே இவருடைய கொள்கையாகவும் இருந்தது. 1934இல் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்தை இவர் எதிர்த்தது அக்காலத்தில் கடுமையான கண்டனத்திற்கு உள்ளானது.

மேயர் பணி

அக்காலத்தில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. அன்றாட நிருவாக அதிகாரம் ஆணையரிடம் இருந்தது. இவர் மேயரானபோது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. இராசாசி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியதால், மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது.

சென்னை நகரம் குடிநீருக்குப் பெரிதும் புழல் ஏரியை நம்பியிருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நகரில் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கொசத்தலை ஆற்றின் வெள்ளம் வீணாகக் கடலில் கலந்தது. அவ்வெள்ளத்தைப் பூண்டியில் அணை கட்டித் தேக்குவதே திட்டம். போர்க்காலத்தில் இதற்கு அரசின் இசைவைப் பெறச் சத்தியமூர்த்தி விடாது முயன்றார். தாம் எதிர்த்துப் போராடி வந்த அரசிடமே நகர மக்களுக்காக அவர் வாதாட வேண்டியிருந்தது. 1940 ஆகஸ்ட் 8 அன்று ஆளுநர் ஆர்தர் ஹோப் அணைக்கு அடிக்கல் நாட்டினார்.

சிறையும் மறைவும்

பின்னர் தனிநபர் சத்தியாகிரகத்திலும், 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையில் உடல்நலம் குன்றி, 1943இல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். நீர்த்தேக்கப் பணி 1944இல் நிறைவடைந்தது. அதனைக் காண அவர் உயிருடன் இல்லை.

நினைவு

பூண்டி நீர்த்தேக்கத்திற்குச் 'சத்தியமூர்த்தி சாகர்' எனப் பெயரிடப்பட்டது. தமிழ்நாடு காங்கிரசு தலைமையகமும் சத்தியமூர்த்தி பவன் என்றே அழைக்கப்படுகிறது. 1996 முதல் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கிருட்டிணா நீரும் பூண்டிக்கே வந்து சேர்கிறது. இதனால், ஓராண்டே பதவியில் இருந்த ஒரு மேயரின் முயற்சி இன்றும் சென்னையின் குடிநீர் வழங்கலில் முக்கிய இடம் பெறுகிறது.