பல்கலைக்கழக விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டதா? எப்படித் தயாராவது?

"நீங்கள் ஒப்படைத்த கட்டுரை தொடர்பில் உங்களைச் சந்திக்க விரும்புகிறோம்."

பல்கலைக்கழகத்திலிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல். கருத்துத் திருட்டு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் காரணமாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதியதாகவும் சந்தேகிக்கப்படலாம்.

படித்ததும் கை நடுங்கும். தூக்கம் போய்விடும். "அப்பா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்ற கவலை வேறு.

தவறே செய்யாத மாணவருக்கும் அந்த மின்னஞ்சல் வரலாம். அப்போது கைகொடுப்பது ஒன்றுதான்: கட்டுரையை நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதைக் காட்டும் ஆதாரம்.

சிங்கப்பூரில் பேசப்பட்ட சம்பவம்

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களின் கட்டுரைக்குப் பூஜ்ஜிய மதிப்பெண் வழங்கப்பட்டது 2025 ஜூன் மாதம் தெரியவந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாக அவர்கள்மீது குற்றச்சாட்டு.

அவர்களில் ஒரு மாணவி அதை மறுத்தார். மேற்கோள் பட்டியலை அகர வரிசையில் அடுக்க ஓர் இணையக் கருவியை மட்டுமே பயன்படுத்தியதாக அவர் கூறினார். மாணவர்கள் கொடுத்த மேற்கோள்களில் பிழைகள் இருந்ததைப் பல்கலைக்கழகம் சுட்டியது. பிறகு மேல்முறையீட்டைப் பரிசீலிக்கக் குழு அமைக்கப்படும் என்றும் செயற்கை நுண்ணறிவு நிபுணர்கள் அதில் இடம்பெறுவர் என்றும் அது தெரிவித்தது.

மேற்கோள் பட்டியலைக் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகத் தயாரிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பட்டியல்கூடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

நீதிமன்றம் போன்றதா?

இல்லை. பெரும்பாலும் சில கல்வியாளர்கள் கொண்ட குழு உங்களிடம் கேள்வி கேட்கும். உங்கள் விளக்கத்தைக் கேட்டபிறகு முடிவெடுக்கும்.

ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கவேண்டும். பல்கலைக்கழக விசாரணைகளில் பொதுவாக "எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது?" என்றே பார்க்கிறார்கள். ஆகவே "நான் செய்யலை" என்று சொல்வது மட்டும் போதாது. உங்கள் பக்கத்தை நீங்கள் காட்டவேண்டும்.

முதல் நாளில் என்ன செய்வது?

• எதையும் அழிக்காதீர்கள். பழைய வரைவு, குறிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பயத்தில் அழித்தால் மறைக்கப் பார்ப்பதுபோல் தோன்றும்.

• மின்னஞ்சலை இரண்டு முறை படியுங்கள். எந்தக் கட்டுரை, எந்தப் பகுதி, என்ன குற்றச்சாட்டு, பதில் தர எத்தனை நாள்? தெளிவில்லை என்றால் பணிவாகக் கேளுங்கள். அவர்களிடம் உள்ள ஆதாரத்தைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

• கோபத்தில் உடனே பதில் அனுப்பாதீர்கள். சமூக ஊடகத்தில் பதிவிடுவதையும் தள்ளிவையுங்கள்.

• பல்கலைக்கழகத்தின் விதிமுறையையும் அந்தப் பாடத்துக்கான குறிப்பையும் தேடிப் படியுங்கள். ஒரு பாடத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு அனுமதி இருக்கும், இன்னொன்றில் முழுத் தடை இருக்கும்.

என்னென்ன ஆதாரம் திரட்டலாம்?

கூகல் டாக்ஸில் எழுதியிருந்தால் நல்லது. கட்டுரை எந்த நாள், எந்த நேரத்தில் எப்படி வளர்ந்தது என்பது அதன் பதிப்பு வரலாற்றில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதியவர்கள், கோப்பை ஒன்டிரைவில் சேமித்திருந்தால் பழைய பதிப்புகளைப் பார்க்கலாம்.

குரோம் உலாவியில் நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் சுமார் 90 நாள்தான் இருக்கும். விசாரணை தள்ளிப்போனால் அது காணாமல் போய்விடும். இப்போதே படம்பிடித்து வையுங்கள்.

நூலகத்தில் எடுத்த புத்தகம், பதிவிறக்கிய ஆய்வுக் கட்டுரை, கையால் எழுதிய குறிப்பு, நண்பரோடு விவாதித்த குறுஞ்செய்தி எல்லாமே உதவும். அவற்றைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் வரிசைப்படுத்துங்கள். குழுவினர் 5 நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தவறான ஆண்டு, திறக்காத இணைப்பு ஏதேனும் இருந்தால் குழு கேட்பதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். அது எப்படி நேர்ந்தது என்பதையும் விளக்குங்கள்.

கணினிக் கருவி சொன்னால் முடிந்ததா?

முடிந்துவிடவில்லை. டர்னிட்டின் காட்டும் ஒற்றுமை விழுக்காடு, உங்கள் சொற்கள் வேறு எங்கெல்லாம் உள்ளன என்பதைத்தான் சொல்கிறது. முறையாக மேற்கோள் காட்டிய வரிகளும் அந்தக் கணக்கில் சேரலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கண்டறியும் கருவிகளும் தவறு செய்யும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தனது கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் மீட்டுக்கொண்டது. துல்லியம் குறைவு என்பது காரணம்.

அதே ஆண்டு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள் அவற்றிடம் கொடுக்கப்பட்டன. சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் தவறாகக் கூறின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதுவோர் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கருவியின் மதிப்பீடு மட்டுமே ஆதாரமாகக் காட்டப்பட்டால் இவற்றை எடுத்துச் சொல்லலாம். ஆனால் கருவியைக் குறைசொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வரைவுகளையும் சேர்த்துக் காட்டினால்தான் வாதம் நிற்கும்.

உண்மையிலேயே தவறு செய்திருந்தால்?

மறைக்கவேண்டாம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அது இரண்டாவது தவறாகிவிடும்.

என்ன செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். இலக்கணம் திருத்தக் கருவியைப் பயன்படுத்துவதும் முழுக் கட்டுரையையும் எழுதவைப்பதும் ஒன்றல்ல. செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்ளவேண்டாம். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நினைத்துச் சிலர் அப்படிச் செய்வதுண்டு. அது பிறகு உங்கள் பதிவில் தங்கிவிடலாம்.

உடல்நலப் பிரச்சினை, குடும்பத்தில் துக்கம் போன்ற காரணம் இருந்தால் சான்றுடன் தெரிவிக்கலாம். தவறை அது இல்லாமல் ஆக்காது. தண்டனையை முடிவுசெய்யும்போது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படலாம்.

விசாரணை அறையில்

உங்கள் கட்டுரையை முந்திய நாள் மறுபடியும் படியுங்கள். "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?", "இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். எழுதியவருக்கே பதில் தெரியாவிட்டால் சந்தேகம் கூடும்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லலாம். யோசிக்க நேரம் கேட்பதில் தவறில்லை.

துணைக்கு ஒருவரை அழைத்துவர அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வழக்கறிஞரை அனுமதிக்காத பல்கலைக்கழகங்கள் பல. பேசியவற்றை அன்றே குறித்துவையுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால்?

எச்சரிக்கை, மதிப்பெண் குறைப்பு, பூஜ்ஜியம், பாடத்தில் தோல்வி, இடைநீக்கம் எனத் தண்டனை பலவகைப்படும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. அது சில நாள்களாக மட்டும்கூட இருக்கலாம். "முடிவு பிடிக்கவில்லை" என்பது காரணமாகாது. புதிய ஆதாரம் கிடைத்தது, நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை, தண்டனை அளவுக்கு மீறியது போன்ற காரணங்கள் தேவை.

வீட்டில் சொல்லுங்கள்

பல தமிழ்க் குடும்பங்களில் பட்டப்படிப்பு ஒரு பிள்ளையின் கனவு மட்டுமல்ல, மொத்தக் குடும்பத்தின் சேமிப்பும் அதில் இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் சொல்லத் தயங்குகிறார்கள்.

பெற்றோர் "ஏன் இப்படிப் பண்ணே?" என்று தொடங்குவதற்குப் பதில் "என்ன நடந்தது, சொல்லுப்பா" என்று கேட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். பல்கலைக்கழக ஆலோசகரையும் நாடலாம். மனம் மிகவும் தளர்ந்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எனும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

விசாரணைக்கு அழைப்பு வராதவர்களும் இன்றே ஒன்றைச் செய்யலாம். அடுத்த கட்டுரையைப் பதிப்பு வரலாறு பதிவாகும் இடத்தில் எழுதத் தொடங்குங்கள். வரைவுகளைப் பட்டம் வாங்கும்வரை வைத்திருங்கள்.